அறுபத்து மூவர் கையில் மளிகைச் சாமான்

மூளைக்குள் ஒரு சில்லைப் பொருத்திவிட்டால் மனுஷனுக்கு மறதியே இருக்காதாம். போன வாரம் என் மகன் பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கடைச் சாமான், ஃபோன் நம்பர், கல்யாண நாள் எல்லாம் உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். "இதெல்லாம் உங்க அப்பா எழுபதாம் வருஷத்துலயே பண்ணிப் பார்த்துட்டாருடா" என்றேன். அவன் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா, "நானா? எப்ப?" என்று கேட்டார். அந்த ஞாபகப் பயிற்சியின் பலன் என்னவென்று இதிலிருந்தே நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

என் அப்பா வாலாஜாபாத்தில் அரிசி ஆலை மேஸ்திரி. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார். தையில் கல்யாணம். மாசியில் முதல்முறையாகத் தாய்வீடு போய்விட்டுத் திரும்பினோம். வாலாஜாபாத் பஸ் நிலையத்து வேப்பமரத்தடியில் என்னை டிரங்குப் பெட்டிமேல் உட்காரவைத்துவிட்டு, "இரும்மா, சோடா வாங்கிக்கினு வர்றேன்" என்று போனார் என் வீட்டுக்காரர். சோடாக் கடையில் பழைய சிநேகிதர் ஒருத்தர் பிடித்துக்கொண்டார். சாயம் வெளுக்கிறதைப் பற்றிப் பேச்சு. பஸ் வந்தது. பேசிக்கொண்டே இரண்டு பேரும் ஏறினார்கள். பாலாற்று மணலில் விளைந்ததென்று அம்மா ஆசையாய்க் கொடுத்தனுப்பிய தர்பூசணி அவர் தோளில் இருந்தது. அதைப் பிள்ளையை வைப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தார். பழத்துக்கு ஒரு கீறல்கூட இல்லையாம்.

வீட்டு வாசலில் என் மாமியார் கேட்டிருக்கிறார்: "பொண்ணு எங்கடா?"

"எந்தப் பொண்ணு?"

இந்த 'எந்தப் பொண்ணு' எங்கள் தெருவில் ரொம்ப நாள் ஓடியது. குழாயடியில் யாராவது குடத்தைத் தேடினால், "எந்தக் குடம்?" என்று இன்னொருத்தி கேட்பாள், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்காக சைக்கிளில் அந்த வழியாக வந்த அப்பா, பெட்டிமேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து வீட்டுக்கு அழைத்துப் போனார். மறுநாள் காலையில் இவர் முகம் தொங்கிப்போய் வந்து நின்றார். அப்பா சத்தம் போடவில்லை. "மாப்ள, நீங்க நல்லவரு. குடி இல்ல, சீட்டு இல்ல. ஆனா பழத்த எடுத்துக்கினு பொண்ண உட்டுட்டுப் போற ஊட்டுக்கு நான் எப்படி அனுப்பறது? இந்த வாட்டி அனுப்பறேன். இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா அவ இங்கயே இருந்துடட்டும்" என்றார்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் சாம்பாரில் உப்பு கூடிப்போனதென்று, "இனிமே எனக்குச் சாம்பாரே வேணாம்" என்றவர், சாகும்வரை ரசத்தில்தான் பிசைந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

எனக்கோ இவரை விட்டுப் போக இஷ்டமில்லை. அப்போது யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். நெய்யும்போது நாக்கு நுனியை லேசாகக் கடித்துக்கொள்வார். அதைப் பார்ப்பதற்காகவே வேலை இல்லாவிட்டாலும் தறிப்பக்கம் போய் நிற்பேன். இப்படி ஒரு ஆளிடம் ஆசை வைத்துவிட்டு, அந்த ஆளுக்கு நான் ஞாபகத்திலேயே இல்லை என்றால் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

மறதிக்கு மருந்து தேடும் வேலை ஆரம்பமானது. எழுதிக் கொடுத்தால் காகிதத்தை மறப்பார். காகிதத்தைப் பையிலேயே தைத்துவிட்டால் பையை மறப்பார். மாமியார் வல்லாரைத் துவையல், வல்லாரை ரசம், வல்லாரை அடை என்று போட்டுத் தாளித்தார். இவருக்கு எதுவும் ஏறவில்லை. கூடச் சாப்பிட்ட எனக்குத்தான், கல்யாணத்தன்று யார் யார் என்னென்ன குத்தலாகப் பேசினார்கள் என்பதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மாமியார், நான், இவர். டாக்டர் இவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தறியில் இழை அறுந்தால் கண்டுபிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அதுக்கு இன்னா சார், கையே போய் நிக்கும்" என்றார் இவர். அது நிஜம். அத்தனை ஆயிரம் இழையில் ஒன்று அறுந்தாலும் அவர் தேட வேண்டியதே இல்லை.

"மூளையில் ஞாபகத்துக்கு ஒரே பெட்டி கிடையாது. கைப்பழக்கத்துக்கு ஒரு இடம், சொன்னதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேறொரு இடம். உங்களுக்கு முதலாவது நன்றாக இருக்கிறது."

"அப்ப ரெண்டாவது இடத்துல இன்னாதான் சார் இருக்குது?" என்றார் மாமியார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நோட்டீஸ் வந்தது. மெட்ராஸ்காரர் ஒருத்தர் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மூளை விஞ்ஞானமும் ஞாபகசக்தியும் சொல்லித் தருகிறாராம். வகுப்புக்குப் போகவே இவர் மறந்துவிடுவார் என்று மாமியார் என்னைக் காவலுக்கு அனுப்பினார். அதிலிருந்து அவர் எங்கே போனாலும் நானும் போனேன். நூல் வாங்க, தறியில் ஏற்றும் பாவு கொண்டுவர, முடிவெட்ட. வகுப்புக்கு டவுன் பஸ்ஸில் போய்வருவோம். ஜன்னலோரம் எனக்கு.

மெட்ராஸ்காரர் டெர்லின் சட்டை போட்டிருந்தார். கரும்பலகையில் மூளையை வரைந்தார். "சிக்கு விழுந்த நூலாட்டம் இருக்குது, யாரு இதப் பிரிக்கிறது?" என்று இவர் என் காதில் சொன்னார். மனிதன் தன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் உபயோகிக்கிறான் என்று அவர் சொன்னதும் இவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "பத்துல ஒம்போது பங்கு சேதாரமா சார்? எங்க முதலாளி ஒத்துக்க மாட்டாரே!" என்றார். வகுப்பே சிரித்தது. நம் பிள்ளைகள் காலத்தில் மாத்திரை போட்டால் பாடம் ஏறும், காதுக்குப் பின்னால் சின்னப் பெட்டி வைத்துக்கொண்டால் எதுவுமே மறக்காது என்றெல்லாமும் அவர் சொன்னார். வீட்டில் வந்து சொன்னபோது மாமியாரின் கவலை வேறு. "காது பின்னாடி பெட்டியா? அப்ப மாட்டல எங்க மாட்டறது?"

பெட்டி வரும்வரை மெட்ராஸ்காரர் ஒரு உபாயம் சொல்லிக்கொடுத்தார். நன்றாகப் பழகின ஒரு இடத்தை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீடே போதும் என்றார். ஞாபகம் வைக்க வேண்டிய சாமானை ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பிறகு மனதிலேயே அங்கே நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் தறி, ராட்டை, அடுப்பு, சாமி படம், கதவு. அவ்வளவுதான். ஆறாவது சாமானுக்கு இடமில்லை. இவர் யோசித்தார். பிறந்ததிலிருந்து போய்வருகிற சிவன் கோயில் இருக்கிறதே! பிரகாரத்தில் நாயன்மார்கள் அறுபத்து மூன்று பேரும் வரிசையாக நிற்கிறார்களே! "அது ரொம்பிட்டா ஆயிரங்கால் மண்டபம் இருக்குது, கொறையே இல்ல" என்றார்.

முதல் நாயனார் கையில் துவரம்பருப்பு, இரண்டாமவர் கழுத்தில் மிளகாய் மாலை, மூன்றாமவர் தலையில் வெல்லம். நம்ப மாட்டீர்கள், அந்த வாரம் அத்தனை சாமானும் ஒன்றுவிடாமல் வீடு வந்து சேர்ந்தன. மாமியார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அடுத்த வாரம் கருவாடு வாங்கிவரச் சொன்னார். அதையும் மறக்காமல் இவர் வாங்கிவந்தார். கருவாட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் மாமியாருக்குச் சந்தேகம் வந்தது.

"டேய், இத எங்கடா வெச்சிருந்த?"

"ஏழாவது நாயனாரு தோள்ல."

"அடப்பாவி! கருவாட்டையா?"

"மனசுலதானம்மா."

"மனசுக்குள்ளயே கோயில் கட்டுனவரும் அந்த வரிசைலதான்டா நிக்கிறாரு! அவரு கட்டுனது கோயில்னா, நீ தொங்க உட்டதும் கருவாடுதான்!"

அன்றுமுதல் அசைவச் சாமானெல்லாம் கோபுரத்துக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் வைக்கப்பட்டன.

இன்னொரு தொல்லையும் வந்தது. வைத்த சாமான் போகமாட்டேன் என்றது. போன வாரத்து விளக்கெண்ணெய் இந்த வாரமும் அதே கையில் நிற்கும். மூன்று வாரம் விளக்கெண்ணெய் வந்தது. பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். கடைக்குக் கிளம்புமுன் கண்ணை மூடி, பிரகாரம் முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவார். நடுத்தெருவில் நின்று கழுவும்போது இரண்டு சைக்கிள்காரர்கள் திட்டினார்கள். நிஜமாகவே கோயிலுக்குப் போனால் இன்னும் மோசம். அர்ச்சனைக்கு, "நட்சத்திரம்?" என்று குருக்கள் கேட்டார். "கடுகு கால் கிலோ" என்றார் இவர்.

ஆனாலும் புகழ் பரவியது. 'எந்தப் பொண்ணு' என்று சிரித்த தெருவே அவரிடம் வந்து நின்றது. பாவு தோய்க்கும் நாள், மச்சான் ஊரிலிருந்து வரும் பஸ், எதிர்வீட்டு எருமை எப்போது கன்று போடும், எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவைத்தார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. எருமைக்குக்கூட ஒரு நாயனார் இருக்கிறார். எனக்கு?

ஒரு மத்தியானம் கேட்டே விட்டேன். "என்ன எங்க வெச்சிருக்கீங்க?"

அவர் கண்ணை மூடினார். இமைக்குள் விழி வரிசையாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிவரை போய்த் திரும்பி வந்தது.

"எல்லாம் ஃபுல்லா இருக்குதுமா. ஆயிரங்கால் மண்டபத்துல வேணா ஒரு தூண் பார்க்கட்டுமா?"

அந்த வாரம் முழுக்க ரசத்தில் உப்பு போடவில்லை. அவருக்கு ஏன் என்றே தெரியவில்லை என்பதுதான் இன்னும் கோபம். அழுதேன். அப்பா சொன்னது காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

வைகாசியில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். வாலாஜாபாத் போனோம். திரும்பும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் நிலையம்வரை கூடவே வந்தார். வழியனுப்ப அல்ல, பார்ப்பதற்கு. அது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். அதே வேப்பமரம். இவர் தோளில், அம்மா கொடுத்த, ஆற்று மணலில் விளைந்த அந்த வருஷத்துக் கடைசித் தர்பூசணி.

அப்பா தங்கை கல்யாணத்துக்கான சேலைகளைச் சொல்ல ஆரம்பித்தார். முகூர்த்தத்துக்கு அரக்கில் பச்சைக் கரை, சம்பந்தி அம்மாவுக்கு மாம்பழ மஞ்சள், அத்தைமாருக்கு இன்னது, நாத்தனாருக்கு இன்னது. வேண்டுமென்றேதான் அத்தனையும் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு நாயனாருக்கும் ஒவ்வொரு சேலையாகக் கட்டிக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. இவர் பழத்தோடு உள்ளே ஏறினார்.

நான் ஏறவில்லை. டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தப்பென்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. எத்தனை நாளைக்கு ஒருத்தி கூடவே ஓடி ஓடி ஏறிக்கொண்டிருப்பது? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பஸ் கிளம்பியது. அப்பா என்னைப் பார்த்துவிட்டார். கூப்பிடவில்லை, பஸ்ஸையும் நிறுத்தவில்லை. சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சின்னதாகிக்கொண்டே போனது. முட்டாள்தனம் பண்ணிவிட்டோமே, சும்மா ஏறியிருக்கலாமே என்று நினைத்தேன்.

ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. ஒரு ஆள் குதித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கால் செருப்பு இல்லாமல், ஓட்டமாக ஓடிவந்தார். நான் தட்டியை விட்டு வெளியே வந்தேன். மூச்சு வாங்க எதிரில் வந்து நின்றார்.

"எந்த நாயனாரு ஞாபகப்படுத்தினாரு?" என்று கேட்டேன்.

"நாயனாரும் இல்ல, ஒண்ணும் இல்லமா. கண்டக்டர் டிக்கெட் கேட்டாரு. வாய் தானா ரெண்டுன்னு சொல்லிடுச்சு. இன்னொருத்தர் எங்கய்யான்னாரு. திரும்பிப் பார்த்தா ஜன்னலோரம் யாரோ கெழவன் ஒக்கார்ந்திருக்கான்."

அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார். மாப்பிள்ளையை மேலும் கீழுமாகப் பார்த்தார். வெறுங்கை, வெறுந்தோள்.

"பழம் எங்க மாப்ள?"

"எந்தப் பழம்?" என்றார் இவர்.

அடுத்த பஸ் வந்து நின்றது.

"ஏறும்மா" என்றார் அப்பா என்னிடம்.