ஊடை தாங்கும் துணி

பீன்யா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஷெட்டில் பாய்மரப் படகுகளுக்குப் பாய் தைக்கிறோம். தைத்ததைச் சுருட்டிப் பெட்டியில் போட்டால் எங்கோ வெளிநாட்டுக்குப் போய்விடும்.

"கடலைப் பாத்திருக்கியாப்பா?" என்று முதல் நாளே கேட்டார், மெஷினில் தைக்கும் அக்கா.

"இல்லக்கா."

"நானும் பாத்ததில்ல. பன்னெண்டு வருஷமா தைக்கிறேன். சும்னே வேலையப் பாரு."

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். ஜவுளி டிப்ளமோ முடித்து இங்கே பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் கழித்து நிரந்தரம் செய்வார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். பாயின் முன்விளிம்பு லஃப், பின்விளிம்பு லீச், அடிவிளிம்பு ஃபுட். உச்சி மூலை ஹெட், கீழே முன்மூலை டாக், பின்மூலை க்ளூ. தாசரஹள்ளியில் என் அறைச் சுவரைப் பார்த்து இவற்றைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். வேறு யாரிடம் சொல்வது? சில ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்க நான் பேசியது "ஒரு செட் தோசை" என்பது மட்டுமாக இருக்கும்.

துணிதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. பிசின் ஏற்றிய பாலியஸ்டர். கசக்கினால் காகிதம் போலச் சத்தம் போடும். ஆனாலும் நெய்த துணிதானே. குடியாத்தத்தில் அப்பாவின் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். நீளவாக்கில் ஓடும் பாவு இழுவையைத் தாங்கும், குறுக்கே போகும் ஊடை இடத்தை நிரப்பும். இது எனக்குப் படித்து வந்ததில்லை.

ஆறாவது மாதம் ஒரு பெரிய பாய்க்கு மூலைத் துண்டுகளை வெட்டும் வேலை என்னிடம் வந்தது. காற்றின் இழுவை முழுக்கக் க்ளூ மூலையில் வந்து சேரும். அதனால் அங்கே எட்டுத் துண்டுகளை அடுக்கி ஒட்டித் தைப்போம். வரைபடத்தில் அந்த இழுவைக்கு நேராக ஊடை வரும்படி அம்பு போட்டிருந்தது. வரைந்தவர் தறியைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். யாரையும் கேட்காமல் எட்டையும் திருப்பி, பாவு இழுவையோடு போகும்படி வெட்டினேன். அக்கா தைத்து முடித்தார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில், துணிச் சுருளோடு வந்திருந்த சோதனைத் தாளைச் சும்மா எடுத்துப் படித்தேன். இந்தத் துணியில் தடித்த நூல் ஊடையில் இருக்கிறது. அது நேராகக் கிடக்கிறது. மெல்லிய பாவு அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. பாவு வாக்கில் இழுத்தால் முதலில் அந்த வளைவு நிமிரும், அதாவது துணி நீளும். நான் வெட்டிய மூலையும் காற்றில் நீளும். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

மாலையில் பாயைச் சுருட்டிவிடுவார்கள். எட்டுக்கும் மேலே தனியாக ஒரு மூடுதுண்டு தைத்திருப்பதால் கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. என் நிரந்தரக் கடிதம் அடுத்த வாரம். அரை மணி நேரம் அந்த மூலையைத் தடவிக்கொண்டே நின்றேன். பிறகு போய்ச் சொன்னேன்.

இன்சார்ஜ் கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார். "ட்ராயிங்ல இருக்கறத மாத்தச் சொன்னது யாருப்பா?"

"யாரும் இல்ல சார். எங்க வீட்ல தறி இருக்கு. பாவுதான் தாங்கும்னு..."

"வீட்ல தறி இருந்தா? கேக்கறதுக்கு வாய் இல்லையா?"

வாய் இருந்தது, பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து தையலைப் பிரித்தார். இந்தத் துணியில் ஊசி போன ஓட்டை மூடாது. பழைய ஓட்டைகள் மறையும்படி இன்னும் பெரிய துண்டுகளை வெட்டினேன், இந்த முறை அம்பு காட்டிய பக்கம். பக்கத்தில் நின்று பாயைப் பிடித்துக்கொடுத்தேன். அக்கா ஒரே ஒரு முறைதான் பேசினார். "நூலத் தூக்கிப் பிடி."

பயிற்சியை மூன்று மாதம் நீட்டித்தார்கள்.

ஞாயிறு காலை அம்மா போன் செய்தாள். "பெர்மனென்ட் ஆயிட்சாடா?"

"இல்லம்மா. ஒரு துணிய தப்பா வெட்டிட்டேன்."

அம்மா போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தடித்த ஊடை, வளைந்து போகும் பாவு, காற்று, மூலை. இவ்வளவு நேரம் அவரோடு நான் பேசியதே இல்லை. இதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்தேன்.

"ஊடை தாங்குதா?" என்றார். "எவன்டா சொன்னான்?"

"டெஸ்ட் பண்ணியே போட்டிருக்காங்கப்பா."

"நாப்பது வருசமா நெய்றேன். ஊடை எங்கடா தாங்கும்? உன்ன வெளிய அனுப்ப ஏதோ சாக்கு சொல்றானுங்க. நீ வெட்டுனதுதான் சரி. வேற எடம் பாரு."

"இல்லப்பா, அந்தத் துணி வேற மாதிரி..."

"துணின்னா துணிதான்." அவர் எனக்காகத்தான் கோபப்பட்டார். பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டுச் செட் தோசைக்குக் கிளம்பினேன்.