ஜப்பானில் அவர் குடித்த கஞ்சி

எழுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் நானும் என் கணவரும் வேலை பார்த்தோம். சூளை அவர் பொறுப்பு. பாத்திரங்களின் மேல் பூசும் பளபளப்புக் கலவையைச் சோதிப்பது என் வேலை. இரண்டு பேரையும் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்து ஊர் திரும்ப இன்னும் பத்து நாள் இருந்தது. பீங்கான் செய்கிற ஊர்களைப் பார்த்துக்கொண்டே ரயிலில் மேற்கே போனோம்.

ஊருக்கு ஊர் சாப்பாடு வேறு. எதையும் கட்டம் போட்டு எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு. ஒரு நோட்டில் ஊர், பதார்த்தம், பாத்திரம் என்று எழுதி, பக்கத்தில் நான் எவ்வளவு சாப்பிட்டேன், அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்றும் குறித்தேன்.

செட்டோவில் சிவந்த சோயா விழுதுக் குழம்பில் தடித்த நூடுல்ஸ், மண்சட்டியோடு கொதிக்கக் கொதிக்க வந்தது. மூடியில் ஆவி போகத் துளையே இல்லை. அதைத் திருப்பிப் போட்டு அதில்தான் ஆற்றிச் சாப்பிட வேண்டும். சட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்து, என்ன மண், எத்தனை டிகிரி என்று சண்டையே போட்டோம். நான் முழுவதும், அவர் முக்கால்.

ஒகயாமாவில் காடி கலந்த சோற்றின்மேல் மீனும் காயும். நான் முழுவதும், அவர் பாதி.

"இன்னா டீச்சரம்மா, நான் பாஸா பெயிலா?" என்று நோட்டை எட்டிப் பார்த்தார்.

"பெயிலுதாங்க. ஒங்களுக்கு இங்கயும் பழைய சோறும் பச்ச மொளகாயும்தான் வேணும்" என்றேன். புதுச் சாப்பாடு பிடிக்காத பிடிவாதம் என்றே நினைத்தேன்.

கடைசி ஊர் அரிதா. நாங்கள் தங்கிய சின்ன விடுதியை நடத்திய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நுங்கு போல வழுக்கும் சோயாப் பால்கட்டியை எள் சாற்றோடு வைத்தாள். அவர் இரண்டு வாயோடு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். அவள் அவரையே பார்த்தாள். உள்ளே போய், அரிசியைக் குழையக் காய்ச்சி, நடுவில் உப்பிட்ட புளிப்புப் பழம் ஒன்றை வைத்துக் கொண்டுவந்தாள். தன் வயிற்றைத் தொட்டு, அவரைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டாள். பசியா என்று கேட்கிறாள் போலிருக்கிறது என்று தலையாட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவர் அந்தக் கஞ்சியை மெதுவாக, முழுவதும் குடித்தார்.

அறைக்கு வந்ததும், "இருந்திருந்து கஞ்சிதானா? மானத்த வாங்கிட்டீங்க" என்றேன். அவர் வெறுமனே சிரித்தார். கஞ்சி, அவர் முழுவதும் என்று அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் மாதம், சூளைக்கு முன்னால் சுருண்டு விழுந்தார். புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம்.

"எத்தினி நாளா சாப்பாடு எறங்கல?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு வாரமாங்க" என்றார் இவர்.

ஜப்பானிலேயே அவர் அரைகுறையாகச் சாப்பிட்டது அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது; மறுநாள் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இவ்ளோ சரியா யாரும்மா எழுதுனது?"

"நான்தாங்க."

நோட்டை மூடி என்னிடம் தந்துவிட்டு, டாக்டர் எக்ஸ்ரே எடுக்க எழுதிக்கொடுத்தார். வயிற்றில் கட்டி. முற்றிப்போயிருந்தது.

"ஏங்க அங்கயே சொல்லல?" என்று அழுதேன்.

"நீ ஆசையா சாப்புட்டுகினு இருந்த. வலிக்குதுன்னு சொன்னா மூட்டையக் கட்டிடுவ. தானா சரியாப் பூடும்னு நெனச்சேன்" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இல்லை.

மொழி தெரியாத ஒருத்தி ஒரே வேளையில் பார்த்துவிட்டதை, பத்து நாளும் எதிரில் உட்கார்ந்து அளந்து எழுதிய நான் பார்க்கவில்லை. வலியை மறைத்துக்கொண்டு அவர் எனக்குத் துணையாகச் சிரித்த அந்தப் பத்து நாளும் நான் வயிறாரச் சாப்பிட்டேன். அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று இன்றுவரை தெரியவில்லை.