எல்லாருக்குமான பச்சைக் கோடு

1. தடுப்புக் கம்பி

எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய சைக்கிள் சுற்றுலா அலுவலகத்தில் பாதை அளப்பது என் வேலை. கடலோரம், வயல்வெளி, மலையடிவாரம் என்று சைக்கிள் போகக்கூடிய இடங்களுக்கெல்லாம் போய், ஏற்றம் எவ்வளவு, தாரா மண்ணா, நிழல் உண்டா என்று எழுதிவர வேண்டும். அதை வைத்து மேப்பில் கோடு போடுவோம். சிவப்பு பழகியவர்களுக்கு, நீலம் ஓரளவு ஓட்டுபவர்களுக்கு, பச்சை எல்லாருக்கும்.

தனியாகவே போய்வருவேன். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் மெல்பர்னில் இருக்கிறாள். ஆயர் ஈத்தாமில் என் பிளாட்டில் பேச ஆளில்லாமல் பழகிவிட்டதால் ரோட்டிலும் அது குறையாகத் தெரியவில்லை.

ஒருநாள் தீவின் மறுபுறம், பாலிக் புலாவ் வயல் பக்கம் இருந்தபோது முதலாளி பாலாவின் போன் வந்தது. அவர் என்னைவிட இருபது வயது இளையவர்.

"அக்கா, கடலோரப் பாதையில ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்களாம். அவங்களே மேப்புல உள்ள நம்பருக்குக் கூப்பிட்டாங்க. நம்ம மேப்ப பாத்துத்தான் போயிருக்காங்க. பச்சைக் கோடாம்லா."

மலையைச் சுற்றி நான் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மோட்டார் சைக்கிள்கள் நுழையாதபடி பாதையின் குறுக்கே இரும்புத் தூண்கள் நட்டிருந்தார்கள். அவற்றின் நடுவே, கையால் பெடல் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று மாட்டியிருந்தது. முன்சக்கரம் தாண்டிவிட்டது, பின்சக்கரங்கள் இறுகிக்கொண்டன. உச்சி வெயில். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டு அதில் உட்கார்ந்திருந்தார். பெயர் ரஹ்மத். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போனவர்.

"யாரும் இந்தப் பக்கம் வரலையாக்கா?"

"வந்தாங்க. ஓக்கேயான்னு கேட்டாங்க. ஓக்கேன்னுட்டேன்."

"ஏன்க்கா?"

"இறக்கிவிடுறேன்னு பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரி தூக்குவாங்க. எனக்கு அது பிடிக்காது."

நான் அவரைத் தூக்கவில்லை. அவர் பெடலைப் பின்னோக்கிச் சுற்ற, நான் அச்சைப் பிடித்து இழுத்தேன். நாலாவது முறையில் வந்துவிட்டது. டேப்பை எடுத்து அளந்தேன். தூண்களுக்கு இடையே எழுபத்தைந்து செண்டிமீட்டர். அவர் சைக்கிள் எண்பத்திரண்டு. அந்த வழியாக நான் எத்தனையோ தடவை என் இரண்டு சக்கரத்தில் நிற்காமல் போயிருக்கிறேன். அங்கே தூண் இருப்பதை ஒருமுறைகூட எழுதியதில்லை.

2. ஒரு வார்த்தையை எடுப்பது

மறுநாள் பாலா சொன்னார்: "மேப்புல 'எல்லாருக்கும்'ங்கிற வார்த்தைய எடுத்துடுங்கக்கா. சாதா ரூட்டுன்னு போடுவோம். பிரச்சினை முடிஞ்சிரும்லா."

"அந்த அம்மா எங்க ஓட்டுவாங்க?"

"நம்ம என்னக்கா செய்யறது? தூண் நட்டது நாமளா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் மறுபடி அளந்து பார்க்க இரண்டு வாரம் டைம் கேட்டேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்புறச் சந்தில் இருந்த ரஹ்மத் அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

"நீ அளக்கும்போது கூட யாராச்சும் வருவாங்களா?"

"இல்லக்கா. ஒத்தையாத்தான்."

"அதான். உன் அகலத்துக்கு அளந்திருக்க."

அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு நாள் காலையிலும் இருவரும் போனோம். அவர் சைக்கிள் இடிக்கும் இடம், சரிவில் ஒருபக்கம் சாயும் இடம், திரும்ப முடியாத முனை எல்லாவற்றையும் எழுதினேன். கடைசி நாள் கணக்கைக் கூட்டி, "தூணுக்கு நடுவுல ஒரு மீட்டர் இருந்தா போதும்க்கா, தாராளமாப் போயிரலாம்" என்றேன்.

அவர் பெடல் சுற்றுவதை நிறுத்தினார்.

"நான் போயிருவேன். ஆனா நீ முன்னால போற, நான் பின்னால வர்றேன். காத்துல நீ பேசறது ஒண்ணும் கேக்கல. சைக்கிள் ஓட்டணும்னு மட்டும் நான் வீட்ட விட்டு வரல சரோஜா. மகனும் மருமகளும் கடைக்குப் போயிட்டா வீட்டுல சுவரப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பக்கத்துல ஒரு ஆள் வரணும்."

எட்டு வருஷ நோட்டில் எந்தப் பக்கத்திலும் அப்படி ஒரு அளவு இல்லை. எனக்கும் அது தேவைப்பட்டது என்பதுகூட அப்போதுதான் உறைத்தது.

இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போகும் அகலம் வேண்டும் என்று, படங்களோடு மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினோம். அலுவலகத்துக்கு அலுவலகம் கைகாட்டினார்கள். ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகு ஆட்கள் வந்து நடுத்தூணைப் பிடுங்கினார்கள். மோட்டார் சைக்கிள்கள் வேகமாக நுழையாமலிருக்கப் பாதையையே அங்கே வளைத்துப் போட்டார்கள். சிமெண்ட் காய்ந்த வாரம், நானும் ரஹ்மத் அக்காவும் தோளோடு தோளாக அதைக் கடந்தோம். அவர் மருமகள் சமைக்கும் மீன் குழம்பைப் பற்றி வழி முழுக்கக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். அவ்வளவு சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று நினைவில்லை.

3. கற்றுக்கொண்டது

ஏழெட்டு மாதம் அப்படி ஓட்டினோம். பிறகு அவர் மகன் கடையை விற்றுவிட்டு ஜோகூருக்குக் குடும்பத்தோடு போனான். அக்காவும் போனார். முதலில் வாரம் ஒரு போன். அப்புறம் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் மட்டும். அங்கே வீட்டைச் சுற்றி ஹைவே, சைக்கிளை எடுக்க வழியில்லை என்றார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏற்றத்தை அளக்க மெஷின் இருக்கிறது. ஆனால் பாதை யாருக்கோ அவரோடு ஒருமுறை ஓட்டிப்பார்க்காமல் பச்சைக் கோடு போடாதீர்கள். அகலம் எழுதும்போது இருவருக்கு எழுதுங்கள்.

ஞாயிறு காலைகளில் இன்னும் கடலோரம் போகிறேன். பாதையில் எனக்கு வலப்பக்கம் இடம் நிறைய இருக்கிறது. இடது ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போகிறேன்.