எதிர்க்கடையைப் பார்த்த பானை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் டீக்கடை வைத்திருந்த பலவேசம் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்குப் படுக்க பெஞ்சு கொடுப்பார். அடுத்தவன் நன்றாக இருந்தால் மட்டும் அவருக்குக் கண் பொறுக்காது.

எண்பத்து மூன்றில், சுரண்டைக்காரன் குத்தாலிங்கம் நேர் எதிரே ஒரு டீக்கடை போட்டான். இருவரிடமும் டேப்ரிக்கார்டர் உண்டு. பலவேசத்தின் பாட்டு, பெட்டிக்குள்ளேயே இருந்த ஸ்பீக்கரில் சளி பிடித்த குரலில் வரும். அவனோ தனி ஸ்பீக்கர் வாங்கி மண்பானை வாயில் பொருத்தியிருந்தான். மேளம் விழுந்தால் ரோடே அதிரும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற சீசன் கூட்டம் மொத்தமும் அங்கேதான் போனது. பலவேசம் ஈ ஓட்டினார்.

"பாட்டுக்குத்தாம்ட்டி போறானுவ" என்று மனைவி ஆவுடைத்தாயிடம் குமுறினார். "நம்மகிட்டயும் பானை இருந்தா ஒரு பய அங்கன திரும்புவானா?"

ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அப்துல் மஜீது பெட்டியைத் திறந்து பார்த்தார். "அண்ணாச்சி, ஒங்க கடைக்கு உள்ள இருக்க ஸ்பீக்கரே போதும். அதையே புதுசா மாத்தித் தாரேன். பானை வச்சா கடைக்குள்ள ஒருத்தர் பேசுதது ஒருத்தருக்குக் கேக்காது."

"கடைக்குள்ள எதுக்கு பாய் கேக்கணும்? அவன் காதுல கேக்கணும்!"

பானை வந்தது. ஓலைப்பந்தலுக்கு அடியில் அதைச் சாய்த்துக் கட்டி, வாயை எதிர்க்கடைப் பெஞ்சுக்கு நேராகத் திருப்பினார். ஆவுடைத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "தன் மூக்க அறுத்துக்கிட்டு அடுத்தவனுக்குச் சகுனத்தடை ஆக்குத கதையால்லா இருக்கு!"

அன்றைக்கே குத்தாலிங்கம் தன் செட்டை நிறுத்திவிட்டான். ஜெயித்துவிட்டோம் என்று பலவேசத்துக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் கூட்டம் அசையவில்லை. எதிர்ப் பெஞ்சில் காலாட்டிக்கொண்டு, இவர் பாட்டைக் கேட்டு, அவன் டீயைக் குடித்தது. இவர் கடைக்குள் வந்த ஒன்றிரண்டு பேரும் இரைச்சல் தாங்காமல் ரோட்டைத் தாண்டினார்கள். இவர் வீம்புக்குச் சத்தத்தை ஏற்றினார். அங்கே இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் குத்தாலிங்கமே ஒரு கிளாஸ் டீயோடு வந்தான். கேலி செய்ய வரவில்லை, நிஜமாகவே நன்றி சொல்ல வந்திருந்தான். பலவேசத்துக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு கேசட் மாத்துத வேலை மிச்சம். முந்தின பாட்டை இன்னொருக்கா போடச் சொல்லுதாவ. இதக் குடிங்க."

வாங்கிக் கொட்டிவிடத்தான் கை நீட்டினார். மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு வாய் குடித்தார். அந்தக் கடை டீயை அவர் அதுவரை தொட்டதே இல்லை. இஞ்சியும் ஏலமும் அளவாக இறங்கியிருந்தன. பாலில் தண்ணீர் இல்லை. பாட்டே இல்லாவிட்டாலும் இந்த டீக்கு ஆள் வரும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பானையைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது நிஜமாகவே எரிந்தது.

"எப்படி இருக்காம்?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

"சீனி தூக்கல்" என்றார் பலவேசம், கிளாஸை அடிவரை குடித்துவிட்டு.