தொட்டியில் கரைந்த சாவி

லாரிக்காரர் பிறக்கும்போதே சந்தேகத்தோடு பிறந்தவர் என்று அவருடைய தங்கை சொல்வாள். கூடப்பிறந்த அண்ணனைப் பற்றி அப்படிச் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். மகளுக்கு வரன் வந்தபோது, பையனின் ஒன்றுவிட்ட சித்தப்பாவுடைய மச்சினன் வரைக்கும் தேடிப்போய் விசாரித்த மனுஷன் அவர். கிளீனர் தட்டிப் பார்த்த டயரைத் தானும் ஒரு தடவை தட்டாமல் வண்டியை எடுக்கமாட்டார். ஒரே ஒரு நாள், அவசரம் என்று, பிரேக்கைச் சோதிக்காமல் ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கு ரோட்டில் ஒரு உயிர் போயிற்று, இவர் ஜெயிலுக்குப் போனார். அதற்கப்புறம் அவருடைய சந்தேகத்தைக் குறை சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

ஜெயிலில் மதியச் சாப்பாடு முடிந்து, சாயங்காலம் தலை எண்ணும் வரைக்கும் முற்றத்தைத் திறந்து விடுவார்கள். அந்தப் பொழுதைத் தள்ளுவதுதான் பெரும்பாடு. துவைத்த துணியையே மறுபடி துவைப்பவர் உண்டு. கிழிந்த போர்வையில் நூல் உருவிக் கயிறு பின்னி, அதைப் பிரித்து, திரும்பப் பின்னுபவர் உண்டு. சமையல்கட்டில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், எல்லாருக்கும் அவர் மாமா, தரையில் கரியால் கட்டம் போட்டுச் சட்டைப் பொத்தான்களைக் காயாக வைத்து ஆடுவார். தோற்கப் போகிற நேரத்தில் அவருக்குப் பெரிய இருமலாக வரும், கை பட்டுக் கட்டம் கலைந்துவிடும். லாரிக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மற்றவர்களை வேவு பார்ப்பார். அவர் அறியாமலே இடது கால் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்கும்.

பெண்சாதி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. இருப்பது ஒரே மகள், அவளுக்கு இப்போது எட்டு மாதம், தலைச்சன் பிரசவம். நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழிவு கிடைத்து அடுத்த மாதம் வெளியே போகவேண்டியவர் லாரிக்காரர். பிள்ளை பிறக்கும்போது மகளுக்குப் பக்கத்தில் தான் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. ஆனால் அங்கே ஒரு சட்டம். அறையில் ஏதாவது தப்பு நடந்து, செய்தவன் ஒத்துக்கொள்ளாவிட்டால், அறையில் இருக்கிற எல்லாருக்கும் கழிவு ரத்து.

இந்த நேரம் பார்த்துத்தான் அறைக்குப் புதிதாக ஒருவன் வந்தான். ஒல்லி உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. தேய்ந்துபோன சோப்புத் துண்டு யாரிடம் இருந்தாலும் கெஞ்சி வாங்கிக்கொள்வான். அவனுக்குச் 'சோப்பு' என்றே பேர் விழுந்தது. வார்டர் வந்தால் மட்டும் அவன் சிரிப்பு நின்றுவிடும், கண் அவர் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துக்குப் போகும்.

"மாமா, அவன் கண்ணு எங்க போகுதுன்னு பாத்தீங்களா?"

"அவன் சாவியப் பாக்குறான். நீ அவனப் பாக்குற. நான் உன்னப் பாக்குறேன். ஜெயில்ல ஆளுக்கொரு வேலை வேணும்ல?"

லாரிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சோப்பு குளிக்கப் போன சமயம், அவன் துணி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். ஈரத்துணிக்குள் ஒரு பெரிய சோப்பு உருண்டை. அதன் பக்கத்தில் சோப்பில் செதுக்கிய சாவி ஒன்று, பல்லும் வெட்டும் அச்சாக அப்படியே இருந்தது. வார்டரிடம் சொன்னால் இவன் கதை முடிந்தது. காட்டிக்கொடுத்தவன் என்ற பேரோடு அங்கே ஒரு வாய் சோறுகூட இறங்காது. சொல்லாமல் விட்டு, சோதனையில் சிக்கினால் மகளுடைய பிரசவம் இவர் இல்லாமலே நடக்கும். யோசித்தார். சாவியையும் உருண்டையையும் அள்ளி முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். கரைந்து போகட்டும், தடயமே இருக்காது என்று நினைப்பு.

டீசலைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அவருக்குச் சோப்பைப் பற்றித் தெரியவில்லை. குழாய்த் தண்ணீர் மேலேயிருந்து தடதடவென்று விழ விழ, தலை எண்ணும் நேரத்துக்கு நுரை பொங்கித் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"குடிக்கிற தண்ணிடா! எவன் வேலை இது?" வார்டர் கத்தினார். "இந்த அறைக்காரனுங்கதான் கடைசியா தொட்டிப் பக்கம் நின்னீங்க. வாயத் தொறக்கலைன்னா ஒருத்தனுக்கும் கழிவு கிடையாது."

ஒத்துக்கொண்டால் தன் கழிவு போய்விடும் என்று லாரிக்காரர் கணக்குப் போட்டார். அதற்குள் சோப்பு கையைத் தூக்கிவிட்டான்.

"நான்தாங்கய்யா. துவைக்கும்போது நழுவிடுச்சு."

"இவ்வளவு நுரைக்கு எவ்வளவு சோப்புடா நழுவும்?"

"சேத்து வச்சதெல்லாம் போச்சுங்கய்யா."

மதியத்தில் முற்றத்துக்கு வரக்கூடாது என்று அவனை அறையிலேயே பூட்டிவைத்தார்கள். அடுத்த நாள் லாரிக்காரர் கம்பிக்கு இந்தப் பக்கம் போய் நின்றார்.

"ஏன்டா ஒத்துக்கிட்ட?"

"நேத்து உங்க கை சோப்பு வாசத்துல கமகமன்னு இருந்துச்சுண்ணே. நீங்க வார்டர்கிட்ட போயிருக்கலாம். தொட்டிக்குத்தானே போனீங்க."

"அது எந்தப் பூட்டுச் சாவி? உண்மையச் சொல்லு."

"என் வீட்டு வாசக்கதவுது. நான் பூட்டு ரிப்பேர் பண்றவன். கைக்கு வேலை மறந்துடக் கூடாதுல்ல? நீங்க வாளியில உக்காந்து கிளட்ச் மிதிக்கலையா?"

"அப்புறம் ஏன் அவரு இடுப்பையே பாக்குற?"

"டெய்லரு ரோட்டுல போறவன் சட்டையப் பாக்காம இருப்பானாண்ணே?"

பதில் பூட்டில் சாவி போல் பொருந்தியது. அதுதான் லாரிக்காரருக்குப் பிடிக்கவில்லை. விபத்து நடந்த நாளில் பிரேக்கும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

விடுதலை நாள் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு பெரிய கதவுக்கு முன்னால் நின்றார். வார்டர் கொத்திலிருந்து ஒரு சாவியைப் பிரித்தெடுத்தார். சோப்பில் பார்த்த வெட்டு லாரிக்காரருக்கு அப்படியே மனதில் இருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், தெரிந்துவிடும். அதுவேதான் என்று தெரிந்தால் சொல்லாமல் போக முடியாது. சொன்னால் விசாரணை என்று இவரையும் நிறுத்திவைப்பார்கள். தனக்காகக் கையைத் தூக்கியவனை இவரே குழியில் தள்ளவும் வேண்டும்.

வாழ்நாளில் இரண்டாவது தடவையாக, பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"என்னய்யா மேல?"

"மழை வருமான்னு பாக்குறேங்கய்யா."

கதவு திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே தங்கை வாடகைக் காரோடு நின்றாள். "விடியக்காலமே வலி எடுத்துடுச்சுண்ணே, சீக்கிரம் ஏறு!" என்று பதறினாள். அவர் ஏறவில்லை. காரைச் சுற்றிவந்து டயரை ஒவ்வொன்றாகக் காலால் தட்டினார். பிரேக் பிடிக்குமா என்று டிரைவரைக் கேட்டார், அவன் பிடிக்கும் என்றதும் மிதித்துக் காட்டச் சொன்னார். அதற்கப்புறம்தான் ஏறினார்.