நைனா பொறுக்கிய நீள பிளக்

எங்கள் நைனா யாரையும் லேசில் நம்ப மாட்டார். கார் மேஸ்திரிகளை அறவே நம்ப மாட்டார். புது சாமானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பழசை மாட்டிவிடுவார்கள் என்பது அவருடைய தீர்மானம். ஐம்பதுகளில் உத்திரமேரூர் வட்டாரத்திலேயே மேல்மூடி மடக்குகிற கார் எங்களிடம்தான் இருந்தது. கிழட்டு வண்டி. அத்தை கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அது ஓடியே ஆகவேண்டும். கூரத்து மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அது ஒன்றுதான். கார் இல்லையென்றால் மாப்பிள்ளையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

என்னையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போய் நைனாவே இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் வாங்கினார். கடைக்காரர் எடுத்துப் போட்டதில், திருகி உள்ளே போகும் மரை எதில் நீளமோ அந்த நாலைப் பொறுக்கினார். சின்னதைக் கொடுத்து ஏமாற்றப் பார்க்கிறான் என்று என் காதில் சொன்னார்.

அழைப்பன்று காலையில் வந்த மேஸ்திரி பிளக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னா மொதலாளி, இம்மாம் நீட்டமா கீது? உள்ள பிஸ்டன்ல இடிக்குமே. மாத்திக்கினு வாங்க."

பார்த்தாயா, ஆரம்பித்துவிட்டான் என்று நைனா எனக்குக் கண்ணைக் காட்டினார். "இதையே போடு," என்றார். என்னைத் தனியே இழுத்து, "நீ இங்கியே குந்திக்கினு அவன் கையையே பாரு," என்றார்.

ஒன்பது வயசுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது! கண் கொட்டாமல் பார்த்தேன். ஒவ்வொரு பிளக்கின் கழுத்திலும் கேஸ்கெட் என்று ஒரு செப்பு வளையம் இருக்கும். மேஸ்திரி தன் தகர டப்பாவிலிருந்து பழைய வளையங்களை எடுத்து, பிளக்குக்கு இரண்டு கூடுதலாகக் கோத்து முடுக்கினார். பிளக் அடிவரை இறங்காமல் கொஞ்சம் மேலேயே நின்றது. அடப்பாவி, நைனா சொன்னபடியே பழசை மாட்டுகிறான்! அவர் நாஷ்டாவுக்குப் போனதும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

தான் சொன்னது பலித்துவிட்டதில் நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. எட்டுப் பழைய வளையங்களையும் கழற்றி என் மடியில் போட்டார். பிளக்குகளை அடிவரை முடுக்கினார், வண்டியைக் கிளப்ப முன்னால் இருந்த ஹேண்டிலைச் சுற்றினார். உள்ளே டக் டக்கென்று இடித்தது, ஏதோ முறிந்தது, வண்டி அடங்கிப்போனது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை அழ ஆரம்பித்தாள்.

திரும்பி வந்த மேஸ்திரி ஒரு பிளக்கைக் கழற்றினார். முனை நசுங்கியிருந்தது. என் மடியைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். நைனா தலையைத் தூக்கவில்லை. அதற்குள் கார் தயாரா என்று விசாரிக்க மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து நின்றார். "என் தப்புதாங்க, சரியா முடுக்கல. சாய்ங்காலம் வண்டி வந்துடும்," என்றார் மேஸ்திரி. திருடன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்று எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் கார் வந்தது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்க, மேஸ்திரி ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, அவருடைய ஆட்கள் நாலு பேர் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் இடிக்காமல் காவல் வருகிறார்களாம்! மேளச் சத்தத்தில் இன்ஜின் ஓடுகிறதா என்று எவன் கேட்டான்?

அன்றைக்கு முதல் பந்தியில் நைனா மேஸ்திரியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்காரவைத்தார். தம் கையாலேயே வடை வைத்தார். இன்னொன்று, இன்னொன்று என்று கெஞ்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடனுக்கு வடையும் பாயசமும், கண்டுபிடித்துக் கொடுத்தவளுக்கு ஒரு வார்த்தைகூட இல்லையா என்று, போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்துவிட்டேன்.