துரையின் நாய்க்குச் சனிக்கிழமை எண்ணெய்

கப்பல் கந்தோரில் என் கணவருக்கு மேலதிகாரியாக இருந்த துரை, இங்கிலாந்துக்குத் திரும்பும்போது தம் நாயை எங்கள் வெள்ளவத்தைக் கடற்கரை வீட்டில் விட்டுப் போனார். செம்மறி மேய்க்கும் இனமாம். கண்ணை மறைக்கும் சடை. தினமும் தோல்வரை வாரச் சொல்லி அவர் தந்த சீப்பை இவர் அலுமாரியில் பத்திரப்படுத்திவிட்டார்.

"இந்தச் சூட்டுக்கு அதுவும் எண்ணெய் வைச்சு முழுகத்தான் வேணும்" என்று சனிக்கிழமைதோறும் தம் தலையோடு நாய்க்கும் நல்லெண்ணெய் தேய்த்தார். கடற்கரை மணல் அப்பி, மயிர் பாய்போலத் திரண்டது.

"நாறுதப்பா" என்றேன்.

"வெள்ளைக்காரன்ர நாய் அப்பிடித்தான் மணக்கும்."

ஒருநாள் விறாந்தையில் விருந்தினருக்குத் தேநீர் வைத்தபோது, பக்கத்தில் நின்ற நாய் உடம்பை உதறியது. முறுக்குத் தட்டில் புழுக்கள் விழுந்து நெளிந்தன. அன்றே நாயை வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

மிருக வைத்தியர் மயிரை ஒட்ட வெட்டியதும் கழுத்தில் அழுகிய புண் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் செத்திருக்கும்" என்றார்.

இப்போது தினமும் நானே தோல்வரை வாருகிறேன். குளிப்பாட்டினால் அடிமயிர் காயும்வரை துவட்டுகிறேன். சனிக்கிழமைகளில் இவர் முழுகி முடியும்வரை நாயை அறைக்குள் பூட்டி வைக்கிறேன். நாய் தேறிவிட்டது. முறுக்கைத்தான் இன்றுவரை என்னால் தொட முடியவில்லை.